பச்சையை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதாதீர்கள்: வரட்சிச் சேதத்தை மதிப்பிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

தம்பலகாமம் வயல்வெளியில், வாய்க்காலின் கடைசிப் பகுதியில் இருக்கும் காணிகளுக்குச் சென்ற சிறுபோகத்தில் ஏற்பட்ட வரட்சிச் சேதத்துக்கு இழப்பீடு வழங்க முடியாது என்று நீங்கள் எடுத்த தீர்மானத்தை ஏற்க மறுத்து இதை எழுதுகிறேன். எங்கள் கமக்காரருக்கு வந்த பதிலில் காட்டப்பட்ட காரணம் ஒன்றே ஒன்று: களப் பரிசோதனை நடந்த நாளிலும், உங்களிடம் இருந்த செய்மதிப் படத்திலும் பயிர் பச்சையாகக் காணப்பட்டது. பயிர் பச்சையாக நின்றது உண்மை. அதன் கதிரில் நெல் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஒரே வயலில் இவை இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதையும், அதை அறிந்துகொள்ளும் வழி அப்போதே உங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது என்பதையும் இந்த மடலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் உயர்தர வகுப்பு மாணவருக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை. காணி எங்கள் அப்பா காலத்திலிருந்து செய்து வருவது. இப்போது அண்ணன் செய்கிறார். குளக்கோட்டன் கட்டியதாக நாங்கள் சொல்லிக்கொள்ளும் கந்தளாய்க் குளத்தின் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் எத்தனையோ மடைகளைத் தாண்டி வர வேண்டும். சென்ற சிறுபோகத்தில் குளத்தின் நீர்மட்டம் இறங்கியதும் முறைத்தண்ணீர் விடத் தொடங்கினார்கள். முறை எங்கள் பக்கம் வந்தபோது வாய்க்காலின் அடிமண் நனைந்தது. வயலுக்குள் ஏறுவதற்குத் தண்ணீர் இருக்கவில்லை. கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலைப் பருவத்திலும், அது வெளியே பறிந்த நாட்களிலும், வரம்பு கட்டிய வயற்பாத்திகளான வரவைகள் வெடித்துக் கிடந்தன. அந்த நாட்களில்தான் வரண்ட கச்சான் காற்றும் ஓயாமல் வீசியது. பூப்பு முடிந்து காலம் கடந்த பிறகு ஒரு சுற்றுத் தண்ணீர் தாராளமாக வந்தது, தாள் தேறியது, இலை மறுபடி பச்சை பிடித்தது. உங்கள் உத்தியோகத்தர் கண்டது அந்தப் பச்சையை.

அவர் வந்த நாளில் நானும் வயலில் நின்றேன். வாகனத்தைத் தார் வீதியில் நிறுத்தி, வீதியோரத்துக் காணிகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். அண்ணன் உள்ளே போய் ஒரு கதிரைப் பிடுங்கி வந்து, அவர் முன்னாலேயே உள்ளங்கையில் உருவி, ஊதிக் காட்டினார். சப்பி எல்லாம் பறந்துபோக, கையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய மணிகள். அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை என்று அவர் சொன்னார். பொய் சொல்லவில்லை, படிவத்தை எங்களுக்குக் காட்டினார், உண்மையிலேயே இடம் இருக்கவில்லை. எனவே அவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்தப் படிவத்தை வகுத்தவர்களோடும், அதை மட்டும் வைத்துத் தீர்மானம் எடுத்தவர்களோடுமே என் வழக்கு. அறுவடைக்கு வந்த மெசின்காரர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, டீசல் காசுக்கும் தேறாது என்று திரும்பிப் போனதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

உங்கள் பதிலில் குறிப்பிட்ட செய்மதிப் படம் எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பச்சையை வைத்து முடிவு சொல்லியிருப்பதால், சூரிய ஒளியில் சிவப்பை இலை எவ்வளவு உறிஞ்சுகிறது, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை எவ்வளவு தெறிக்கிறது என்பதை ஒப்பிட்டுத் தயாரிக்கும் தாவரச் சுட்டியாகவே அது இருக்க வேண்டும். நல்ல கருவிதான், நானும் வகுப்பில் கற்பிக்கிறேன். இலை எவ்வளவு இருக்கிறது, அதில் பச்சையம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லும். அந்த இலை இன்று வேலை செய்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்பதைச் சொல்லாது. வேர் வரண்ட பிறகும் பச்சையம் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். அது குறையத் தொடங்கி, படத்தில் மஞ்சள் தட்டும்போது பயிருக்கு நடக்க வேண்டிய கேடு நடந்து முடிந்திருக்கும். எங்கள் வயலில் நடந்ததைப்போல, கேடு நடந்த பிறகு தண்ணீர் கிடைத்துவிட்டால் மஞ்சளே தெரியாமலும் போகலாம்.

வேலை செய்யும் இலையைக் காட்டிக்கொடுப்பது அதன் வெப்பநிலை. மண்பானை தன் மேனியில் கசியும் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விப்பதைப்போல, பயிர் இலையிலுள்ள நுண்துளைகளான இலைவாய்களின் ஊடாக நீரை ஆவியாக விட்டுத் தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்குவதற்குச் செலவாகும் வெப்பம், அதே நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தின் ஏறத்தாழ எட்டு மடங்கு. வரண்ட காற்று வீசும் பருவத்தில் ஒரு நெல்வயல் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்குகிறது என்று கொண்டால், ஒரு ஏக்கரில் அது ஏறக்குறைய 20,000 லீற்றர். அவ்வளவு நீர் தன்னோடு கொண்டுபோகும் வெப்பம் அத்தனையும் அந்த ஏக்கரை விட்டு வெளியேறுகிறது. தண்ணீர் நின்றுவிட்டால் பயிர் தன்னைக் காத்துக்கொள்ள இலைவாய்களை மூடுகிறது. வெளியேற வேண்டிய வெப்பம் இலையிலேயே தங்குகிறது. பச்சை மாறுவதற்கு முன்னரே பயிர் சுடத் தொடங்கிவிடும்.

நெல்லைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கொடுமை உண்டு. நெற்பூ முற்பகலில் சிறிது நேரம் மட்டுமே திறந்து மூடும். அந்த நேரத்தில் கதிரின் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் சரியாகச் சிந்தாமல் பூ மலடாகிப் போகும் என்பதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டார்கள். நீர்த்தட்டுப்பாடு தனியாகவும் பூவை மலடாக்கும். தண்ணீர் இருக்கும் வயலில் கதிர் காற்றைவிடக் குளிர்ந்து நிற்பதால், வெளியில் கொளுத்தும் நாளிலும் பூ தப்பித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத வயலில் அந்தக் காவல் இல்லை. பூப்பில் தவறிய கதிருக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தாள்தான் செழிக்கும். எங்கள் அப்பா இதைப் புத்தகம் படிக்காமலே சொல்வார்: கதிர் பறியும்போது வராத தண்ணீர் மாட்டுக்குத்தான் உதவும்.

இதைச் சோதிக்கச் செலவு அதிகம் வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் பாடசாலை வாசல்களில் பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே பிடித்த கருவியின் தத்துவமே இதற்கும். சூடுள்ள எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. மனித உடலோ, இலையோ, தார் வீதியோ வெளிவிடும் கதிர்வீச்சு 10 மைக்ரோமீற்றர் அலைநீளத்தை அண்டியே உச்சம் பெறுகிறது. தொழிற்சாலை வேலைக்கென விற்கப்படும் அதே வகை வெப்பமானி ஒன்றைச் சென்ற சிறுபோகத்தில் நான் வயலுக்குக் கொண்டுபோனேன். நண்பகல் கடந்த வேளை. வாய்க்காலின் தலைப்பக்கத்தில், தண்ணீர் நின்ற வரவையில் இலைக்கூட்டத்தை நோக்கிப் பிடித்தபோது காட்டிய அளவுக்கும், எங்கள் வரவையில் காட்டிய அளவுக்கும் இடையில் ஐந்தாறு பாகை வித்தியாசம் இருந்தது. இரண்டுமே அன்றைக்குப் பார்வைக்குப் பச்சை. எங்கள் பயிரின் இலை விளிம்பு மட்டும் சற்றே உள்நோக்கிச் சுருண்டிருந்தது. வீதியில் நின்று பார்ப்பவருக்கு அது தெரிய நியாயமில்லை.

வரம்பில் நின்று நான் செய்த அந்த வேலையை வானத்தில் இருந்து செய்யும் கருவிகள் நான்கு பத்தாண்டுகளாக இருக்கின்றன. 1982இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் 4 தொடக்கம் அந்த வரிசைச் செய்மதிகள் நிலத்தின் வெப்பத்தைப் பதிவுசெய்து வருகின்றன. இன்று லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டும் சேர்ந்து 8 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கின்றன. 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிப் பொருத்தப்பட்ட நாசாவின் ஈக்கோஸ்ட்ரெஸ் என்ற கருவி, தாவரங்களின் நீர்த்தட்டுப்பாட்டை வெப்பத்தின் மூலம் அறிவதற்காகவே உருவாக்கப்பட்டது. லேண்ட்சாட் எப்போதும் காலை பத்து மணியை அண்டியே எங்கள் தலைக்கு மேலாகப் போகிறது. பயிர் உண்மையில் திணறுவது பிற்பகலில். விண்வெளி நிலையம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேளையில் கடப்பதால், காலையில் சமாளித்த வயல் இரண்டு மணிக்கு இலைவாயை மூடிக்கொண்டதா என்பதையும் ஈக்கோஸ்ட்ரெஸ் படங்களில் காண முடிகிறது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். மேற்பரப்பு வெப்பநிலையாகவே கணித்து முடித்த வடிவில் கிடைப்பதால், வளிமண்டலத் திருத்தங்களைக்கூட நீங்கள் செய்யத் தேவையில்லை. என் வீட்டுக் கணினியில் என்னால் இறக்க முடிந்த ஒன்றை உங்கள் அலுவலகக் கணினியில் இறக்க முடியாது என்று நான் நம்பவில்லை.

நான் இறக்கிய படங்களில் பூப்புக் காலத்தை ஒட்டி முகில் இல்லாத நாள் கிடைத்தது. வாய்க்கால் நெடுகிலும் தலைப்பக்கம் குளிர்ந்தும் கடைசிப் பகுதி சூடேறியும் இருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. அதே காலத்துத் தாவரச் சுட்டிப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரே பச்சை. இவ்விரு படங்களையும் எங்கள் மறுமொழியோடு இணைத்து உங்களுக்கு அனுப்பினோம். கிடைத்ததாகக்கூட ஒரு வரி வரவில்லை.

படத்தின் நுணுக்கம் போதாது என்று சொல்வீர்கள். ஓரளவுக்குச் சரி. ஈக்கோஸ்ட்ரெஸின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறிய கட்டம், நிலத்தில் ஏறத்தாழ 70 மீற்றருக்கு 70 மீற்றர். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. லேண்ட்சாட்டின் வெப்பப் பிக்சல் 100 மீற்றர், அதாவது இரண்டரை ஏக்கர். இணையத்தில் அதை 30 மீற்றராகப் பிரித்துத் தந்தாலும் கருவி உண்மையில் கண்டது 100 மீற்றரைத்தான். தனியொரு வரவைக்கு இவற்றை வைத்து வழக்காட முடியாது. வரம்பும், வரம்போரத்து மருதமரமும், பக்கத்துக் கொட்டிலும் ஒரே பிக்சலுக்குள் கலந்துவிடும். இதே காரணத்தால்தான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், தொட்டால் சுட்டாலும், விண்ணிலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு வாய்க்காலின் கடைசிப் பகுதி என்பது தனி வரவை அன்று. எங்கள் பக்கத்துக் காணிகள் சேர்ந்து பல பத்து ஏக்கர் வரும். வாய்க்காலின் தலையையும் கடைசியையும் பிரித்தறிய அந்த நுணுக்கம் தாராளமாகப் போதும். நாளாந்தம் படம் தரும் மோடிஸ் கருவியை யாராவது பரிந்துரைத்தால் ஏற்றுவிடாதீர்கள். அதன் வெப்பப் பிக்சல் ஒரு சதுர கிலோமீற்றர், கிட்டத்தட்ட 250 ஏக்கர். தலையும் கடைசியும் அதற்குள் ஒன்றாகக் கரைந்து, மாவட்டம் நலமாக இருக்கிறது என்ற சராசரி ஒன்றே மிஞ்சும். சராசரிகளால் எங்கள் பக்கம் எத்தனை தரம் அழிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

முகில் இன்னொரு தடை. வெப்ப அகச்சிவப்பு முகிலை ஊடுருவாது. முகில் மூடிய நாளில் கருவி காண்பது முகிலின் உச்சியைத்தான். வாடை மாரி பொழியும் பெரும்போகத்தில் இந்த வழி அவ்வளவாக உதவாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வரட்சிச் சேதம் எங்களுக்கு வருவது சிறுபோகத்தில். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்ட கச்சானாக எங்களை வந்தடையும் அந்த மாதங்களில் திருகோணமலை வானம் எப்படி இருக்கும் என்பதை இங்கே கடமையாற்றும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கும் மேலாக நுணுக்கம் வேண்டுமானால் வெப்பக் கமரா பொருத்திய ட்ரோன் இருக்கிறது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள மாவட்டத்தில் அதற்கான அனுமதியை ஒரு கமக்காரர் தானாகப் பெறுவது நடக்கிற காரியமா? அரச நிறுவனம் ஒன்று கேட்டால் நடக்கும்.

இது வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு, நம் நாட்டுக்குப் பொருந்தாது என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டதாக அறிந்தேன். சொன்னவருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் விம் பாஸ்தியான்சன், செய்மதியின் வெப்பப் படத்திலிருந்து நிலம் ஆவியாக்கும் நீரைக் கணிக்கும் முறையொன்றை 1990களில் உருவாக்கினார். அவரும் இலங்கை வானிலை ஆய்வாளர் லலித் சந்திரபாலவும் சேர்ந்து, 1999-2000 காலத்துச் செய்மதிப் படங்களைக் கொண்டு இலங்கைத் தீவு முழுவதற்கும் அந்தக் கணக்கைச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். அன்றைய படங்களின் பிக்சல் ஒரு கிலோமீற்றருக்கும் மேல். இன்று அதைவிடப் பன்மடங்கு நுணுக்கமான படங்கள் கையில் இருக்க, நாங்கள் கைத்தொலைபேசிப் படத்துக்கு இறங்கி நிற்கிறோம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இதே முறையின் வழிவந்த கணிப்பை அம்மாநில நீர்வளத் திணைக்களம் 2000களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்துகிறது. எந்தக் காணி எவ்வளவு நீரை உண்மையில் பயன்படுத்தியது என்ற தகராறுகளில் அது சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2013இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8இன் தொடக்கத் திட்டத்தில் வெப்பக் கருவியே இருக்கவில்லை. மேற்கு மாநிலங்களின் நீர் முகாமையாளர்கள் விடாமல் வற்புறுத்திய பிறகுதான் அது சேர்க்கப்பட்டது. அவசரமாகக் கட்டியதால் அதற்கு 3 ஆண்டு ஆயுளே குறிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளைத் தாண்டியும் அது படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதிகாரத்தில் இருப்போருக்கு அங்கே வேளாண்மைத் தண்ணீருக்குப் பொறுப்பானவர்களே எழுதிக் கேட்டார்கள். இங்கே அதை நாங்கள் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வயலுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் விட முடியவில்லை. 1980களில் நாசா விமானத்தில் ஏற்றிய வெப்ப அலகிடு கருவி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் காடுகளுக்கு மேலாகப் பறந்தபோது, முதிர்ந்த காடு குளிர்ந்தும் அதன் பக்கத்திலேயே மொட்டையாக வெட்டப்பட்ட நிலம் கொதித்தும் தெரிந்தன. குளங்களுக்கு நீர் தரும் காடு எங்கே மெலிகிறது, தம்பலகாமக் குடாவைச் சுற்றியுள்ள கண்டல் எங்கே வாடுகிறது என்பதை, வயலுக்காக நீங்கள் இறக்கும் அதே படத்தில் வேறு செலவில்லாமல் காணலாம். நிலாவெளிக்கு முன்னால் புறாமலையைச் சூழ்ந்திருக்கும் முருகைக்கற்களுக்கு (பவளப்பாறைகளுக்கு) இந்தக் காவல் ஏற்கெனவே இருக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தைச் செய்மதிகளிலிருந்து கணித்து, வழமையான உச்சத்தைவிட எத்தனை பாகை, எத்தனை வாரம் கூடி நின்றது என்பதைச் சேர்த்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கப்படும் என்றும் 8ஐத் தொட்டால் உயிரிழப்பும் நேரலாம் என்றும் அமெரிக்கச் சமுத்திர வளிமண்டல நிர்வாகம் உலகம் முழுவதற்கும் அறிவித்து வருகிறது. முருகைக்கல்லுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கிற ஒரு மாவட்டத்தில் நெல்லுக்குக் கிடைக்காதது எனக்கு விளங்காத விடயம்.

நான் உங்களிடம் கேட்பவை இவைதாம்.

முதலாவதாக, சென்ற சிறுபோகத்தில் பயிர் பச்சையாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக நிராகரித்த விண்ணப்பங்களை மீள எடுத்து, பூப்புக் காலத்தில் பதிவான வெப்பப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் அனுமானத்தை ஏற்கும்படி கேட்கவில்லை. உங்கள் ஆட்களைக் கொண்டே கணியுங்கள், கணித்த முறையையும் எங்களுக்குக் காட்டுங்கள். வாய்க்காலின் தலைக்கும் கடைசிக்கும் வேறுபாடு இல்லை என்று படம் சொன்னால், வாதாட மாட்டோம்.

களப் பரிசோதனைப் படிவத்தைத் திருத்துங்கள். காணியின் நடுவில் எடுத்த கதிர்களை உருவி, நிறைமணி எவ்வளவு, சப்பி எவ்வளவு என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் வேண்டும். பரிசோதனை வீதியோரத்தில் முடியக்கூடாது. வாய்க்காலின் கடைசிக் காணி வரை நடந்து பார்த்ததற்கு அங்குள்ள கமக்காரர் அமைப்பின் கையொப்பம் பெறப்பட வேண்டும். இந்த மாற்றத்துக்குச் செய்மதியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. அடுத்த வாரமே செய்யலாம்.

வரும் சிறுபோகத்துக்கு முகில் இல்லாத ஒவ்வொரு படத்தையும் வாய்க்கால் வாரியாகப் பிரித்து, எந்தப் பகுதி சூடேறுகிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கமநல சேவை நிலையங்களின் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். முறைத்தண்ணீரின் வரிசையை அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள். குறிப்பாகக் கதிர் பறியும் நாட்களில் சூடேறிய பகுதிக்கு முதலில் தண்ணீர் விடுவதென்று போக ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதப்பட வேண்டும். இழப்பீட்டைவிட இதையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். நெல் விளைந்தால் இழப்பீடு கேட்டு எவரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. தலைப்பக்கத்துக் கமக்காரர் இதற்கு எதிர்ப்புக் காட்டக்கூடும். அவர்களும் எங்கள் உறவுகள்தாம். படத்தை நடுவில் வைத்துப் பேசினால் வாய்த்தகராறு குறையும் என்றே நினைக்கிறேன்.

இந்த வேலையைச் செய்ய ஓர் உத்தியோகத்தரையாவது பயிற்றுவியுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், பக்கத்திலேயே இருக்கிறது. பத்தரமுல்லையில் இருப்பவர்களிடமும் எழுத்தில் உதவி கேளுங்கள். கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வெப்பமானி கொடுங்கள். செய்மதி கடந்துபோகும் வேளையில் வயலில் அளந்து எழுதிவைக்க எங்கள் பிள்ளைகள் போதும், அதை மேற்பார்க்க நான் இருக்கிறேன். ட்ரோன் பறப்புக்கு, பூப்புக் காலத்தில் ஒரு தடவையாவது, உங்கள் பெயரில் அனுமதி பெற்றுத் தாருங்கள்.

கடைசியாக, நிராகரிப்புக்கு ஆதாரமாகக் காட்டிய அந்தச் செய்மதிப் படம் எந்தச் செய்மதியினுடையது, எந்தத் திகதியில் எடுத்தது, அதன் பிக்சல் எவ்வளவு, அதை வாசித்தவர் என்ன தகைமையில் வாசித்தார் என்ற நான்கு விபரங்களையும் சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் எழுத்தில், தமிழில் தாருங்கள். தரத் தவறினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே நான்கு விபரங்களைக் கேட்டு, நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு கமக்காரரும் தனித்தனியே விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பங்களை நானே எழுதிக்கொடுப்பேன்.

இப்படிக்கு,
தம்பலகாமத்துக் கமக்காரக் குடும்பமொன்றைச் சேர்ந்த புவியியல் ஆசிரியை